டென்ஷனில் ஏறும் சுகர்: டைப் 1 வீடுகளில் நடக்கும் தவறுகள்

பிளஸ் டூ கணக்குத் தேர்வு நாள். டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பே இன்சுலின் சுரக்காத வகை) உள்ள மகளின் சுகர் காலை ஆறு மணிக்கு 118. எப்போதும் சாப்பிடும் மூன்று இட்லி, எப்போதும் போடும் இன்சுலின். ஒன்பதரைக்குப் பார்த்தால் மீட்டர் 274 காட்டுகிறது. வீட்டில் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "என்னடி சாப்பிட்டே, உண்மையைச் சொல்லு!"

முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. அவள் எதையும் ஒளித்துத் தின்னவில்லை. பயந்துபோயிருக்கிறாள். திட்டினால் அந்தப் பயம் இன்னும் கூடும், சுகரும் கூடும். அடுத்த முறை மீட்டரில் வருவதை அவள் மறைக்கவும் தொடங்கலாம். அதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய கவலை.

பதற்றம் வந்தால் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, கொஞ்சம் பின்னாலேயே கார்ட்டிசோல் என்ற இன்னொன்றையும். ஓடவோ போராடவோ தெம்பு வேண்டுமே என்று கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் திறந்துவிடுகிறது. இன்சுலினுக்கும் அந்த நேரத்தில் வேகம் குறைகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1913இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியினரின் சிறுநீர்ச் சோதனை முடிவுகளைப் பதிவு செய்திருக்கிறார். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்தவுடன் 25 பேரைச் சோதித்ததில் 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐந்து பேர் களத்திலேயே இறங்காத மாற்று ஆட்டக்காரர்கள்! ஓரமாக உட்கார்ந்து பார்த்த பரபரப்பே போதுமாக இருந்திருக்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சரிசெய்துவிடும். டைப் 1 உள்ளவருக்கு அந்த இன்சுலின் ஊசியிலோ, உடம்பில் மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்பிலோதான் வர வேண்டும்.

சரி, 274ஐப் பார்த்ததும் என்ன செய்கிறோம்? நாலு யூனிட் போடுகிறோம். முக்கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்தால் 281. பயந்து இன்னும் மூன்று. இப்படி ஊசிக்கு மேல் ஊசி அடுக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. வேகமாக வேலை செய்யும் இன்சுலினே உடம்பில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கும். பழைய ரெகுலர் வகை என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம். காலை இட்லிக்குப் போட்டதே இன்னும் முழுதாகத் தீர்ந்திருக்காது. மீட்டர் காட்டுவது சர்க்கரையை மட்டும்தான், உள்ளே இன்னும் வேலை பாக்கி வைத்திருக்கும் இன்சுலினை அது காட்டாது. கேள்வித்தாளைப் படித்துப் பிள்ளைக்கு மனம் தெளிந்ததும் அட்ரினலின் வடிந்துவிடும். அடுக்கிய இன்சுலின் முழுவதும் அப்போதுதான் சேர்ந்து இறங்கும். பதினொன்றரைக்குத் தேர்வு அறையில் கை நடுங்கி, எழுத்து மங்கி, வியர்த்துக் கொட்டும். இந்த மாதிரி நாளில் கூடுதல் ஊசி எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில் என்பதை ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை பயத்திலும் வரும், சுகர் இறங்கினாலும் வரும். பல வருடம் பழகியவர்கள்கூட இதில் ஏமாறுவார்கள். ஊகிக்காதீர்கள், கையைக் கழுவிவிட்டுக் குத்திப் பாருங்கள். (பழம் உரித்த கையோடு பார்த்தால் பொய்யான எண் வரும்.) 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பார்க்க வழியே இல்லை என்றால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். படபடப்புக்குப் பிராப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: சுகர் இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று துக்க வீடுகளில் நடக்கிறது. "சாப்பாடே இறங்கலை, ஊசி எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும், மன அழுத்தத்தில் இன்னும் அதிகமாக. நாள் முழுவதற்குமான நீண்டநேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலக் கழிவை ரத்தத்தில் சேர்த்துவிடும். சுகர் 250க்கு மேலேயே நின்றால் கீட்டோன் சோதித்துப் பாருங்கள், சிறுநீரில் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். அதோடு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, வாயில் பழ வாசனை வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

எல்லாப் பழியையும் டென்ஷன் மீது போடுவதும் தவறு. வெயிலில் நின்ற வண்டிப் பெட்டிக்குள் கிடந்த இன்சுலின், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிதட்டிய தோல், உள்ளுக்குள் இருக்கும் காய்ச்சல், மடங்கிப்போன பம்ப் குழாய் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். சிலருக்குப் பதற்றத்தில் சுகர் ஏறாது, இறங்கும். அதனால் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் "தேர்வு", "சண்டை", "தூக்கமில்லை" என்று ஒரு சொல் எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பிள்ளையின் போக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு மோசமான நாளைப் பார்த்து ராத்திரி ஊசியைக் கூட்டிவிடாதீர்கள். மறுநாள் பதற்றம் இருக்காது, கூட்டிய அளவு மட்டும் இருக்கும், தூக்கத்திலேயே சுகர் இறங்கிவிடலாம்.

அப்புறம், தேர்வு அறை. டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் பாட்டில் போன்றவற்றை உள்ளே கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017இல் அனுமதி தந்தது. உங்கள் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் டாக்டர் கடிதத்தோடு தலைமை ஆசிரியரை முன்கூட்டியே பாருங்கள். தேர்வு அன்று காலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளையின் சுகர் அங்கேயே ஏறத் தொடங்கிவிடும்.