402 மீட்டர் ஓட்டத்தில் கூலன்ட் ஏன் வெளியேறுகிறது? டீசல் பிக்கப் வைத்திருப்போருக்குப் படிப்படியான சோதனை

டர்போவை மாற்றி, இ.சி.யு.வை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ரீமேப் செய்து, 402 மீட்டர் நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸுக்கு இறக்கும் டீசல் பிக்கப்புகளில் முதலில் தலைகாட்டும் கோளாறு பெரும்பாலும் இதுதான்: ஓட்டம் முடிந்து பானெட்டைத் திறந்தால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கும் டப்பாவின் மூடியைச் சுற்றி ஈரமாக இருக்கும், தரையில் சொட்டிக்கொண்டிருக்கும். சூடு தாங்கவில்லை என்று முடிவு கட்டி உடனே பெரிய ரேடியேட்டர் வாங்கிவிடுகிறோம். நானும் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் ரேடியேட்டரையும், அது பயன்படாதபோது தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். கூலன்ட் வெளியேறுவது நிற்கவில்லை. கடைசியில் கடலூர் முதுநகரில் விசைப்படகு என்ஜின்களைப் பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். "ரேடியேட்டர் மேல பழி போடாத தம்பி. ராத்திரி பூரா ஆற விடு. காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி மேல் ஹோஸை அமுக்கிப் பாரு."

மறுநாள் விடியற்காலையில் அமுக்கிப் பார்த்தேன். என்ஜினுக்கும் ரேடியேட்டரின் மேல்முனைக்கும் இடையே ஓடும் அந்த ஹோஸ், சில்லென்று கிடந்தும், காற்றடைத்த சைக்கிள் டியூபைப் போல விறைத்திருந்தது. மூடியைக் கால் சுற்றுத் திருகியதும் 'உஸ்' என்று காற்று வெளியேறி, ஹோஸ் தளர்ந்தது. ஆறிய கூலன்ட் சுருங்கிவிடும். அதனால் இரவெல்லாம் நின்ற வண்டியில் அழுத்தம் மிஞ்சியிருக்க வேண்டிய காரணமே இல்லை. மிஞ்சியிருந்தால், முந்தைய நாள் ஓட்டத்தில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது என்றே பொருள்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. 402 மீட்டர் ஓட்டம் ஒரு பிக்கப்புக்கு 15 முதல் 20 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள கூலன்ட் முழுவதும் கொதித்துப் பொங்க அந்த நேரம் போதாது. ஆனால் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டைத் தூக்குவதற்கு ஒரு நொடியே போதும். 95.4 மி.மீ. சிலிண்டர் விட்டம் கொண்ட 2.5 லிட்டர் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 150 பார் (பார் என்பது அழுத்த அலகு) என்றால், ஒவ்வொரு எரிப்பின்போதும் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 11 டன். பூஸ்டையும் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) டீசலையும் கூட்டி அதை 180 பாருக்குக் கொண்டுபோனால் 13 டன்னைத் தாண்டுகிறது. ஹெட் போல்ட் அந்தக் கூடுதல் இழுப்பில் மயிரிழை நீண்டாலும் ஹெட்டுக்கு அடியில் வாயுவை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டின் பிடி தளர்ந்து, வாயு கூலன்ட் பாதைக்குள் பீறிடும், கூலன்ட் மூடி வழியாக வெளியே தள்ளப்படும். ஓட்டம் முடிந்து பூஸ்ட் இறங்கியதும் ஹெட் பழையபடி அமர்ந்துவிடுவதால், பட்டறையில் ஐடிலில் (வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தென்படாது.

முதல் படி: ஆறிய வண்டியில் பார்வை. மேலே சொன்ன ஹோஸ் சோதனையைச் செய்யுங்கள். டப்பாவில் கூலன்ட் நிற்கும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு வையுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து, ஆயில் பால் கலந்த காப்பியைப் போல மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது, வண்டியை இயக்காதீர்கள். ஹோஸ் கிளிப்புகளிலும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலும், ரேடியேட்டர் ஓரங்களிலும் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த தடம் இருந்தால் அங்கே கசிவு உண்டு.

இரண்டாம் படி: அழுத்தச் சோதனை. மூடியின் மேலேயே 1.1 பார் என்பதுபோல் அளவு அச்சிட்டிருக்கும். கை பம்புடன் கூடிய டெஸ்டரால் அந்த அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, 20 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள், முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. அளவுக்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரும் வாய் பிளந்துவிடும். மூடியையும் தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் கொதிநிலையைக் காப்பது அதுதான்: தண்ணீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்தது திறந்த நிலையில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் 125 டிகிரியைத் தாண்டும் வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த ஒரு மூடி இந்த வித்தியாசம் முழுவதையும் இல்லாமல் ஆக்கிவிடும்.

மூன்றாம் படிதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி, இதைத் தவிர்க்காதீர்கள். கூலன்ட் டப்பாவின் மேல்பக்கத்துக்கு வரும் மெல்லிய குழாயில் ஒரு 'டி' இணைப்புப் போட்டு, 2 பார் வரை காட்டும் அழுத்த மீட்டரைப் பொருத்தி, டிரைவர் இருக்கைக்கு எதிரே தெரியும்படி கட்டுங்கள். என்ஜின் வழக்கமான சூட்டுக்கு வந்ததும் மீட்டர் ஓர் அளவில் நிலைத்து நிற்கும். ஓடுதளத்தில் முழு பூஸ்டில் ஓடும்போது வெப்ப முள் அசையாமலிருக்க, அழுத்த முள் மட்டும் குபீரென்று ஏறினால் உள்ளே நுழைவது வாயு. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து மெல்ல ஏறினால் மட்டுமே ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கரியமில வாயு பட்டால் நிறம் மாறும் நீல நிறத் திரவத்தைக் கொண்டு செய்யும் வாயுச் சோதனையும் உண்டு. ஆனால் ஐடிலில் டீசல் என்ஜின் மிகுதியான காற்றோடு எரிவதால் புகையில் கரியமில வாயு குறைவு. ஹெட்டும் அப்போது தூக்குவதில்லை. திரவம் நீலமாகவே இருந்தது என்பதற்காக என்ஜின் நலமாயிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இந்த ஓட்டத்தை நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்து பார்க்கவும் கூடாது. அந்த நேரத்தில் அங்கே மீன் ஏற்றிய வண்டிகளும் விளக்கில்லாத சைக்கிள்களும் வரும். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் போன்ற அனுமதி பெற்ற இடம்தான் இதற்கு உரியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாயு நுழைவது உறுதியானாலும் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். கூலரில் விரிசல் விட்டாலும் இதே போன்ற அறிகுறிகள் தோன்றலாம். அதைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, நீரில் மூழ்கவைத்துக் காற்றேற்றினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அது நல்லதாக இருந்தால் ஹெட்டைக் கழற்றி, நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) சமதளம் பாருங்கள், எத்தனை மி.மீ. வளைவு வரை அனுமதி என்பதை உங்கள் என்ஜினின் சர்வீஸ் கையேடு சொல்லும். நீண்டு பிடிக்கும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ரேஸுக்கு, போல்ட்டுக்குப் பதிலாக வலுவான ஹெட் ஸ்டட்டுகளும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் போடுவது நல்லது. முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் கொண்டு, கையேட்டிலுள்ள வரிசைப்படி, பல சுற்றாக முடுக்க வேண்டும். கை மதிப்பில் முடுக்கிய ஹெட் இரண்டாவது ஓட்டத்திலேயே பழைய கதையைத் தொடங்கிவிடும்.

அடுத்தது கூலன்ட் நிரப்புவது. கடலூர், புதுச்சேரிக் கரையோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. அதை ஊற்றினால் அலுமினிய ஹெட்டும் ரேடியேட்டரும் உள்ளிருந்தே அரிக்கும், குழாய்களில் படிவு கட்டும். பேட்டரிக்கு ஊற்றும் தாது நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி இருவகைக் கூலன்டைக் கலக்காதீர்கள், நிறத்துக்கு எந்தப் பொதுவிதியும் இல்லை. நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெல்ல ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். சென்சார் இருக்குமிடத்தில் நீரில்லாமல் காற்று மட்டும் தங்கினால் வெப்ப முள் தாழ்ந்தே நிற்கும், என்ஜினோ உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

ஓடுதளத்தில் ஒரு விதியையும் முன்கூட்டியே விசாரியுங்கள். கிளைக்கால் (glycol, கூலன்டின் முக்கியப் பொருள்) கலந்த கூலன்ட் தரையில் சிந்தினால் அடுத்து வரும் வண்டியின் டயர் வழுக்கும் என்பதால், பல ஓடுதளங்களில் அதற்கு அனுமதியில்லை. அங்கே தாது நீக்கிய நீரில் துரு தடுப்பு மருந்து மட்டும் கலந்து ஓட வேண்டும். வெறும் நீர் 1.1 பார் மூடியோடு ஏறத்தாழ 122 டிகிரியில் கொதிக்கும் என்பதால், நமது கத்திரி வெயிலில் ஓட்டங்களுக்கு இடையே கூடுதல் நேரம் ஆற விடுங்கள். மூடியின் ஓவர்ஃப்ளோ குழாயை அளவுக்கோடு போட்ட ஒரு டப்பாவுக்குள் விட்டு, அதை பானெட்டுக்குள் உறுதியாகக் கட்டுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் என்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போவின் சூடு தணிந்த பின் அணையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. சூடான என்ஜின் மேல் வாளித் தண்ணீரை வீசக் கூடாது, உலோகத்தில் விரிசல் விழலாம். ஓவர்ஃப்ளோ டப்பாவில் சேர்ந்த கூலன்டை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஹெட் வேலை முடிந்த பின் என் வண்டியில் முதல் மூன்று ஓட்டங்களுக்கும் அந்த ஓவர்ஃப்ளோ டப்பா காலியாகவே இருந்தது. மறுநாள் காலை ஹோஸை அமுக்கியபோது என் விரல்கள் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டன.