செத்த களையைக் குளத்தில் விடாதீர்கள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்புக்குள் குளம் வெட்டி மீன் விடுகிறவர்கள் நீர்க்களை எடுப்பதில் வருஷா வருஷம் அதே தவறுகளில் வந்து விழுகிறார்கள். இன்று பழகிய கையாக இருப்பவர்களும் தொடக்கத்தில் அதே தவறுகளைச் செய்து மீனைப் பறிகொடுத்தவர்கள்தான். வழுக்கும், பாம்பு கிடக்கும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். சொல்ல வேண்டியவை வேறு.

பெயர் தெரியாமல் மருந்து வாங்குவது

"குளம் பூரா பாயல்" (நீர்க்களைக்கு இங்கே அதுதான் பெயர்) என்று கடையில் போய் நின்றால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். முதலில் ஒரு பிடி பிடுங்கிப் பாருங்கள். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப் பூ பூத்தால் வெங்காயத்தாமரை. எல்லையில் குளவாழை என்பார்கள். காம்பே இல்லாமல் முட்டைக்கோஸ்போல் விரிந்து, இலை வெல்வெட்டாக இருந்தால் ஆகாயத்தாமரை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறவர்கள் உண்டு. பெயரை விட்டுக் காம்பைப் பாருங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கி, மேலே விட்ட தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடினால் சால்வினியா. ஆப்பிரிக்கன் பாயல் என்று பெயர் வந்துவிட்டாலும் அதன் பிறப்பிடம் பிரேசில்.

தண்ணீருக்குள் வளர்வதில், கணுவைச் சுற்றிச் சின்ன இலைகள் வட்டமாக நின்று, விரலில் சொரசொரத்தால் ஹைட்ரில்லா. இலை நூல்நூலாகப் பிரிந்து விசிறிபோல் இருந்தால் கபோம்பா. நசுக்கினால் பூண்டு நெடி அடித்தால் காரா; அது செடியே அல்ல, பாசி இனம்.

அரிவாளால் வெட்டுவது

ஹைட்ரில்லாவையும் கபோம்பாவையும் வெட்டினால் கணு உள்ள ஒவ்வொரு துண்டும் புதுச் செடி. வேரோடு வாருங்கள், மிதக்கும் துண்டுகளை வலை போட்டு அன்றைக்கே அள்ளுங்கள். ஹைட்ரில்லா சேற்றுக்குள் கிழங்கு விட்டிருக்கும், கோடையில் குளத்தைக் காயப்போட்டாலும் திரும்ப முளைக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சாகடிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத தவறு இது. நினைத்தாலே வயிறு எரிகிறது, ஏனென்றால் காசு கொடுத்து மீனைக் கொல்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 சென்ட் குளம் சுமார் 400 சதுர மீட்டர். அடர்ந்த வெங்காயத்தாமரை சதுர மீட்டருக்கு 20, 25 கிலோ நிற்கும். மொத்தம் 8 முதல் 10 டன். மருந்தடித்த சில நாளில் அது வாடிப் பழுத்து, பிறகு மூழ்கும். அத்தனை டன்னும் அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் பிடித்து வைக்கக்கூடியதே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை மீன்கள் தவிக்கும். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கும், கொடுக்காது. அதனால் சாவு விடியற்காலையில் வருகிறது.

நான்கு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். கட்லாவும் ரோகுவும் வாயை நீர்மட்டத்தில் வைத்து வட்டம் வட்டமாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும், ஒளி பட்டாலும் உள்ளே போகாது. தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருக்கும். பக்கத்திலேயே விரால் துள்ளும். அதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கிற மீன். பெரிய மீன் முதலில் செத்தால் ஆக்சிஜன் பஞ்சம். பொடிமீன் பெரியமீன் பேதமில்லாமல் பட்டப்பகலில் மிதந்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: தீவனத்தை நிறுத்துங்கள். மோட்டாரை வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயரத் தெளித்து விழவிடுங்கள். போர்வெல் தண்ணீரை நேராகக் குழாயோடு உள்ளே விடுவதில் பயன் குறைவு, அதில் ஆக்சிஜன் மிகக் கம்மி. கல்லிலோ பலகையிலோ மோதிச் சிதறி விழ வேண்டும்.

சரியான வழி, மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு 10 முதல் 14 நாள் விடுவது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும்போது மிதப்பதெல்லாம் கிழக்குக் கரையில் ஒதுங்கும். அந்த நாட்களில் கயிறு கட்டி மிச்சத்தை நகரவிடாமல் மறித்து, ஆறடி அகலத் துண்டுகளாகப் பிரித்து இழுத்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். அதே காற்றில் டூ ஃபோர் டி என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் பக்கத்துத் தக்காளி, கத்தரி இலைகள் முறுக்கிக்கொள்ளும், சண்டை வரும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குக் கேரள அரசு 2019இல் தடை விதித்தது.

வாரியதைக் கரையோரம் குவிப்பது

மழை பெய்தால் சாறும் செடியும் திரும்பக் குளத்துக்கே. பத்தடி தள்ளிப் போட்டு, வாடவிட்டு, தென்னைப் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். பூப்பதற்கு முன்னால் வாருங்கள்.

புல்கெண்டை எல்லாம் தின்னும் என்று நம்புவது

ஹைட்ரில்லாவை விரும்பித் தின்னும். குளவாழையைத் தொடாது. 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சை விட்டால் விராலுக்குத் தீனி. தின்றதில் பாதி செரிக்காமல் வெளியே வந்து உரமாகும். தண்ணீர் பச்சையானால் கூடுதலாக விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வண்டு இருப்பதைப் பார்க்காமல் மருந்தடிப்பது

சால்வினியா நுனிமொட்டிலிருந்து பழுப்பேறினால் கிளறிப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் கறுப்பு வண்டு இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். சால்வினியாவை ஒழிக்க 1980களில் கேரளத்தில் விட்ட சிர்டோபேகஸ் வண்டு அது. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வேலையை முடிக்கும்.

மயில்துத்தம்

சுண்ணாம்புச்சத்து குறைந்த மென்னீர்க் குளத்தில் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) போடாதீர்கள். மீன் சாகும்.

சுண்ணாம்பு

களையைக் கொல்லாது.

மாட்டுக்கொட்டகைக் கழுவுநீர்

அது குளத்துக்குள் வராதபடி வேறு பக்கம் திருப்பிவிடாமல் களை எடுப்பது வீண் கூலி.

வாரி முடித்ததும் மறந்துவிடுவது

வெங்காயத்தாமரை விதை சேற்றில் பதினைந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி வெயில் பட்டதும் முளைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் கரையைச் சுற்றி, கண்ணில் பட்ட குட்டிச்செடியைக் கையாலேயே பிடுங்குங்கள். இரண்டு வாரம் விட்டால் இரட்டிப்பாகும். வாய்க்கால் தண்ணீர் வருகிற குளமென்றால் மடைவாயில் வலை கட்டி, தண்ணீர் விடும் நாளெல்லாம் அதில் சிக்கியதை வழித்துப் போடுங்கள்.