அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு: நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, குடியுரிமைத் தேர்வுக்காக வார இறுதியில் அமெரிக்கக் குடிமையியல் சொல்லித் தருகிறேன். செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர் என்பதையெல்லாம் யாரும் தப்பாகச் சொல்வதில்லை. தடுமாற்றம் வேறு இடங்களில்தான்.

இந்திய நாடாளுமன்றத்தை இங்கே தேடுவது

ஆளுநரை யார் நியமிக்கிறார் என்றால் சட்டென்று "ஜனாதிபதி" என்று பதில் வருகிறது. இங்கே ஆளுநரை மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் பார்க்கிற வேலையை அவர் பார்க்கிறார். அமைச்சர் விஷயம் இன்னும் தலைகீழ். காங்கிரஸில், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தில், உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சரவையில் இடம்பெற அரசியலமைப்பு அனுமதிக்காது. 2009இல் வெளியுறவு அமைச்சரான ஹிலாரி கிளின்டன் செனட் பதவியை விட்டது அதனால்தான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றும் இங்கே கிடையாது.

1776, 1787

முதலாவது சுதந்திரப் பிரகடனம், இரண்டாவது அரசியலமைப்பு எழுதப்பட்ட ஆண்டு. குழப்பாதீர்கள்.

எந்த உரிமை யாருக்கு என்று பாராமல் இருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, கூடும் உரிமை எல்லாம் இந்த நாட்டில் வாழும் எல்லோருக்கும் உண்டு. ஜனாதிபதி, காங்கிரஸ் போன்ற கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குடிமக்களுக்கு மட்டும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போது மறந்துவிடுகிறார்கள்.

வகுப்புக்கு வந்த ஓர் அம்மா எல்லாக் கேள்விக்கும் பட்டுப்பட்டென்று பதில் சொல்வார். குடியுரிமை விண்ணப்பம் நிரப்பும்போது, "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா?" என்ற கேள்வியில் நின்றுவிட்டார். பாஸ்போர்ட் உறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வாக்காளர் அட்டை! உரிமம் புதுப்பிக்கப் போனபோது பக்கத்தில் இருந்த மகன், "எல்லாத்துக்கும் யெஸ் போடும்மா, சீக்கிரம் முடியட்டும்" என்றிருக்கிறான். அவர் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் வக்கீல், பணம், மாதக்கணக்கில் தாமதம், ராத்திரித் தூக்கம் எல்லாம் போயிற்று.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வாங்க வருகிறவர்களிடம் வாக்காளர் பதிவு பற்றியும் கேட்பார்கள். கேட்டுவிட்டதால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று ஆகிவிடாது. "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற உறுதிமொழி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது, அதன் கீழ்தான் கையெழுத்து. 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொய்யாகக் குடியுரிமை கோருவதை நாடு கடத்தக்கூடிய குற்றமாக வைத்திருக்கிறது. "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பது பல நேரம் காப்பாற்றாது. ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். மறைத்து மட்டும் எழுதாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடியுரிமை வரும்வரை எந்த உரிமையும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி கேட்ட சீனர்களை மட்டும் நகராட்சி ஒதுக்கியது. அப்போது சீனர்கள் இங்கே குடியுரிமை பெறவே வழியில்லை. ஆனாலும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்று 1886இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கும் அந்தக் கதவு 1946 வரை மூடியேதான் இருந்தது. அந்தச் சலவைக் கடைக்காரர்கள் நடத்திய வழக்கின் பலனைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம்.

ஜூரி அழைப்பைக் குப்பையில் போடுவது

நீதிமன்ற வழக்கில் முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து ஆள் கூப்பிடும் கடிதம் அது. போடாதீர்கள். "குடிமகன் அல்ல" என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

பழைய கேள்வித்தாளை வைத்துப் படிப்பது

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதுத் தேர்வு. 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். முன்பு 100இலிருந்து 10 கேட்டார்கள், 6 சரியென்றால் போதும். அண்ணன் படித்த புத்தகம் உதவாது.

தமிழில் பதில் சொல்லலாம் என்று தெரியாமல் இருப்பது

கிரீன் கார்டோடு 20 ஆண்டு வாழ்ந்து 50 வயதானவர்களுக்கும், 15 ஆண்டு வாழ்ந்து 55 வயதானவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியல் பதில்களைத் தமிழிலேயே சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்கள் 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும். 10 கேட்பார்கள், 6 சரியாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துப் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.