கட்சிக்கார நண்பனோடு கல்விக் கொள்கை பேசும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் சும்மா நிற்கும். பிளஸ் டூ ரிசல்ட்டும் பள்ளி அட்மிஷனும் வருவது இதே நாட்களில்தான். கையில் நேரம், மனசில் பீஸ் கவலை, கேட்கவா வேண்டும்? டீக்கடை பெஞ்சில் கல்விக் கொள்கைச் சண்டை ஆரம்பித்துவிடும். மத்திய அரசின் கல்விக் கொள்கையை விட்டுக்கொடுக்காத, கட்சிப் பற்று முற்றிய ஒரு நண்பன் எனக்கும் உண்டு. அவனோடு பல வருஷம் மல்லுக்கட்டியதில் நான் செய்த தவறுகள்தான் இதில் பாதி.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமலே கத்தத் தொடங்குவதுதான் முதல் தவறு. நீட்டில் தொடங்கி, இந்திக்குத் தாவி, காலை உணவுத் திட்டத்தில் போய் நிற்போம். "நீட்டைக் கொண்டுவந்ததே புதுக் கல்விக் கொள்கைதான்" என்று ஒருமுறை அடித்துச் சொன்னேன். அவன் போனை எடுத்துத் தேதிகளைக் காட்டினான். தேசியக் கல்விக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2020 ஜூலையில். தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கு நீட் 2017-லேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் அன்றைக்கு நான் சொன்ன சரியான விஷயங்களும் எடுபடவில்லை.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் கொள்கையைப் படிக்காமல்தான் பேசுகிறோம். 2020 கொள்கையில் 'இந்தி கட்டாயம்' என்று எந்த வரியும் இல்லை. மூன்று மொழி, அதில் குறைந்தது இரண்டு இந்திய மொழி, எந்த மாநிலத்தின் மீதும் எந்த மொழியும் திணிக்கப்படாது என்றுதான் இருக்கிறது. இதைக் காட்டி நண்பன் கொடி நாட்டுவான். அங்கேயே வாயடைத்துப் போகக் கூடாது. தாளில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. தொண்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை மலையாளம் கேட்கிறது, இன்னொன்று தெலுங்கு கேட்கிறது என்றால் வாத்தியாருக்கு எங்கே போவது? இது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி.

எல்லாப் பழியையும் ஒரே ஆட்சியின் தலையில் கட்டுவதும் வேண்டாம். மும்மொழித் திட்டம் 1968 தேசியக் கொள்கையிலேயே இருந்தது; அதே வருஷம் ஜனவரியில்தான் அண்ணா அரசு சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் போட்டது. கல்வி மாநிலப் பட்டியலை விட்டுப் பொதுப் பட்டியலுக்குப் போனது நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இன் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில். இது தெரியாமல் பேசினால் அவன் பழைய கூட்டணிக் கணக்குகளைக் கிளறுவான். பள்ளிக்கூடம் மறந்தே போகும்.

அப்புறம், கலாமை இழுப்பது. எங்கள் கடற்கரையில் பத்து நிமிஷத்துக்குள் அவர் பெயர் வந்துவிடும். ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்தானே என்பேன் நான். திறமை இருந்தால் எந்தக் கொள்கையிலும் மேலே வரலாம் என்பான் அவன். இரண்டு பேரும் தலையாட்டுவோம். வாதம் ஓரடி நகராது.

நான் செய்த மோசமான தவறு வேறு. பெஞ்சில் ஐந்தாறு பேர் இருக்க, "உன் பையனைச் சிபிஎஸ்இ-ல சேத்துட்டுத்தானேடா மாப்ள இந்த வக்காலத்து" என்று சொல்லிவிட்டேன். பாதி டீயோடு எழுந்து போனான். அவன் மனைவி கடலில் பாசி எடுத்துச் சேர்த்த காசில்தான் அந்த பீஸ் கட்டினார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். தடைக்காலம் முடிந்து படகு போகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு நடுவே பேசுவதே தப்பு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆள் பார்க்கும்போது எவனும் இறங்கி வரமாட்டான், நானும்தான். ஒருநாள் சாயங்காலம் வலை காயப்போட்ட இடத்தில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். போய் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமலே இருந்துவிட்டு, "வாத்தியாருக்கு எங்க போறதுன்னு கேட்டியே, அது சரிதான்டா" என்றான். திணிக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் அவன் பழையபடியே முழங்கினான். நானும் காட்டிக்கொடுக்கவில்லை.