கடலோர நான்-லீக் ஆட்டத்துக்கு ஒரு நாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டிக் காட்டினார். அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றுக்கு ஆறு வாரம் முன்பே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். கடலோர ஊர், நான்-லீக் கால்பந்து ஆட்டம், கூடவே மனைவியும் குழந்தையும். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

இங்கிலாந்து கால்பந்தில் உச்சியில் பிரிமியர் லீக், அதற்குக் கீழே மூன்று டிவிஷன், மொத்தம் 92 அணிகள். அதற்கும் கீழே உள்ளதெல்லாம் நான்-லீக். விட்பி, ஹேஸ்டிங்ஸ், வொர்திங், மார்கேட் என்று இங்கிலாந்தின் கரையோரம் நெடுக இந்த அணிகள் உண்டு. காலையில் கடற்கரை, மூன்று மணிக்கு ஆட்டம், இருட்டியதும் வீடு. இதைவிட நல்ல சனிக்கிழமை எனக்குத் தெரியாது. குடை எடுங்கள், குல்லாய் போடுங்கள் என்பதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் நடந்தே தீரும் என்று நம்பி டிக்கெட் எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நான்-லீக் அட்டவணையில் போட்டிருக்கும் தேதி நிரந்தரம் அல்ல. முதல் காரணம் எஃப்.ஏ. கோப்பை, பெரிய அணி சின்ன அணி எல்லாம் மோதும் நாக்-அவுட் போட்டி. அதன் தகுதிச் சுற்றுகள் ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் நடக்கும். உங்கள் அணி ஒரு சுற்றில் ஜெயித்துவிட்டால், அடுத்த சுற்று விழும் சனிக்கிழமையின் லீக் ஆட்டம் வாரநாள் இரவுக்குப் போய்விடும். எதிரணி ஜெயித்தாலும் அதே கதைதான். ஆறு வாரம் முன்பே டிக்கெட் எடுப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

இரண்டாவது காரணம் மழை. நான் மாட்டியது இதில்தான். ஒரு நவம்பர் மாதம், வடகடல் ஓரத்து ஊர் ஒன்றுக்கு லீட்ஸிலிருந்து நாலு பேராகக் கிளம்பினோம். லீட்ஸில் நல்ல வெயில். மைதானத்து வாசலுக்குப் போனால் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. வேலிப் பக்கம் நின்று பார்த்தோம். நடுவர் மழைக்கோட்டோடு பெனால்டி பகுதிக்குள் நடந்து, பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டார். சளக் என்று விழுந்த இடத்திலேயே நின்றது. பத்தடி தள்ளி இன்னொரு தரம் விட்டார். அங்கேயும் சளக். கையை விரித்துவிட்டு உள்ளே போனார். 'அப்பா, எப்ப ஆரம்பிப்பாங்க?' என்று மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது, கழுத்தில் புது மப்ளர்.

டிக்கெட்டுக்குக் கொடுத்த 78 பவுண்டில் ஒரு பென்னி திரும்பி வரவில்லை. நான் எடுத்தது 'அட்வான்ஸ்' டிக்கெட். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும், விலை குறைவு, நாமாக ரத்து செய்தால் பணம் கிடையாது. அன்று காலையிலேயே அந்தக் கிளப் தன் ட்விட்டர் பக்கத்தில், ஆடுகளத்தைப் பரிசோதிக்கப் போகிறோம் என்று போட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை இரவு உங்கள் ஊர் வானிலையை விடுங்கள், அந்தக் கரையின் வானிலையைப் பாருங்கள். சனிக்கிழமை காலை கிளப்பின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஸ்கோர் சொல்லும் செயலிகளுக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்கு அப்புறம் 'ஆஃப்-பீக்' டிக்கெட், அதாவது நெரிசல் இல்லாத நேரத்து ரயில்களுக்கான டிக்கெட் எடுங்கள். பெரும்பாலான தடங்களில் ஒரு மாதம் முன்பு எடுத்தாலும் அன்று காலை எடுத்தாலும் அதற்கு ஒரே விலை. குளிர்காலத்தில் கட்டாயம் ஆட்டம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் செயற்கைப் புல் போட்ட மைதானமாகத் தேர்ந்தெடுங்கள். வொர்திங் அணியின் உட்சைட் ரோடு அப்படிப்பட்டது. மழைத் தண்ணீர் அங்கே தேங்காது.

கிழக்குக் கரையில் இன்னொன்றும் உண்டு. கடலிலிருந்து உருண்டு வரும் மூடுபனி. அந்த ஊர்க்காரர்கள் 'ஃப்ரெட்' என்பார்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி வெயில் அடிக்கும் ஏப்ரல் நாளில்கூட எதிர்ப்பக்கத்து கோல் கம்பத்தை மறைத்துவிடும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது

நான்-லீக்கின் அருமையே நடமாடலாம் என்பதுதான். பெரும்பாலான மைதானங்களில் இரு அணி ரசிகர்களையும் பிரித்து வைப்பதில்லை. இடைவேளையில், தங்கள் அணி தாக்கப் போகும் கோலுக்குப் பின்னால் எல்லோரும் இடம் மாறுவார்கள். நீங்களும் போங்கள். 1997-இல் சின்ன நான்-லீக் அணிகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையை வென்ற விட்பி டவுன் அணியின் மைதானம் கடலை ஒட்டிய மேட்டுப் பகுதியில் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் காற்று யார் பக்கம் வீசுகிறது என்பதுதான் பாதி ஆட்டம். கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுவானில் தயங்கி, அவர் பக்கமே திரும்பி இறங்குவதை கோலுக்குப் பின்னால் நின்றால் நன்றாகப் பார்க்கலாம்.

சில்லறை இல்லாமல் போவது

10 பவுண்ட் தாளும் கொஞ்சம் நாணயமும் வையுங்கள். சில வாசல்களில் வங்கி அட்டை செல்லாது.

பியரை மறைத்துக் குடிப்பது

தேவையே இல்லை. ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது என்ற 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மேல் ஐந்து படிநிலைகளுக்குத்தான், அதாவது அந்த 92 அணிகளின் நான்கு டிவிஷனுக்கும் நான்-லீக்கின் உச்சிப் படிக்கும். அதற்குக் கீழே, பிளாஸ்டிக் கோப்பையோடு வேலியில் சாய்ந்து நிற்கலாம்.

சிப்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பது

கடற்புறா பின்னாலிருந்து வரும். சுவரில் முதுகு சாய்த்துச் சாப்பிடுங்கள்.

திரும்பும் ரயிலைப் பார்க்காமல் கிளம்புவது

மூன்று மணி ஆட்டம் முடிய 4.50 ஆகிவிடும். மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பிக்குப் போகும் ரயில் பாதையில் நாளுக்குச் சில ரயில்கள்தான், பயணம் ஒன்றரை மணி நேரம். திரும்பும் ரயிலை முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் போகும் ரயிலைத் தேடுங்கள். அன்று நடப்பது நான்-லீக் அணிகளுக்கான எஃப்.ஏ. ட்ராபி கோப்பை ஆட்டம் என்றால், சமநிலையில் முடிந்ததும் நேரே பெனால்டிதான். அதற்கும் ஒரு கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.