சிசிலி வரலாறு எழுதுகிறீர்களா? நான் வழுக்கிய இடங்கள் இவை

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஏழு கட்டுரை வரைவுகளைத் திருத்திக் கொடுத்தேன். எல்லாமே மத்தியதரைக் கடல் தீவுகளைப் பற்றியவை. அதில் நான்கு சிசிலி. நான்கையும் படித்து முடித்தபோது, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய என் நோட்டையே யாரோ ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அதே இடங்களில் அதே சறுக்கல். ஆண்டு தவறுவது, ஒரே ஊர்ப் பெயரை மூன்று விதமாக எழுதுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாலே அவை சிக்கிவிடும்.

ஆட்சி மாறியதும் ஊரே மாறிவிட்டதாக எழுதுவது

நான்கு வரைவுகளிலும் இந்தப் பட்டியல் இருந்தது: ஃபினீசியர், கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமானியர், வாண்டல்கள், கோத்துகள், பைசாந்தியர் (கிழக்கு ரோமானியப் பேரரசு), அரபியர், நார்மன்கள் (வட பிரான்சிலிருந்து வந்தவர்கள்), அப்புறம் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்று நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஆண்டு. பேருந்தில் ஒரு கூட்டம் இறங்கி முடித்ததும் அடுத்த கூட்டம் ஏறுகிற மாதிரி.

நானும் அப்படித்தான் செய்தேன். அதுவும் வண்ணத்தில். பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று சிசிலியின் வரலாற்றை ஒரு சுவர் அட்டவணையாக வரைந்து, சொந்தக் காசு 18,000 ரூபாய் போட்டு 500 பிரதி அச்சடித்தேன். பைசாந்தியருக்கு ஊதா, 827-ல் முடிகிறது. அரபியருக்குப் பச்சை, 827 முதல் 1061 வரை. அங்கிருந்து நார்மன் சிவப்பு. கோடு போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கீழே ஓரத்தில் அழகுக்காக ஒரு கல்லறைக் கல்லின் படமும் வைத்தேன். சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் கிடைத்த, 1149-ஐச் சேர்ந்த கல் அது. அரசவையில் இருந்த கிரிசாந்துஸ் என்ற கிறித்தவப் பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபி, எபிரேய எழுத்தில் எழுதிய அரபி என நான்கு விதமாக அதில் பொறித்திருக்கிறார்கள். ஆண்டைக்கூட அந்தந்தச் சமூகத்தின் கணக்குப்படியே எழுதியிருக்கிறார்கள்.

முதல் பள்ளியில் அட்டவணையை மாட்டி விளக்கி முடித்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அரபுக்காரங்க 1061-லயே போயிட்டாங்கன்னா, 1149-ல இந்த அரபி எழுத்தை யாரு சார் படிச்சிருப்பாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. என் அட்டவணையை என் படமே பொய்யாக்கிவிட்டது. மீதி 480-க்கு மேல் பழைய பேப்பர் கடைக்குப் போனது. கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உண்மையில் என்ன நடந்தது? 827 என்பது வட ஆப்பிரிக்காவின் அக்லபிய அரசு அனுப்பிய படை மசாரா கரையில் இறங்கிய ஆண்டு. அவ்வளவுதான். பலெர்மோ விழுந்தது 831-ல். நடுமலையில் இருக்கிற என்னா (ஆமாம், ஊரின் பெயரே அதுதான்) 859 வரை தாங்கியது. சிராகூஸ் 878, டவோர்மினா 902. கடைசிக் கோட்டையான ரொமெத்தா 965. இறங்கியதிலிருந்து முடித்தது வரை 138 ஆண்டு. தீவின் மேற்கில் அரபு ஆட்சியில் தாத்தாவாகிவிட்டவர் இருந்த காலத்தில், கிழக்கில் பைசாந்தியப் பேரரசருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தவரும் இருந்தார். நார்மன்களும் 1061-ல் மெசினாவைப் பிடித்தார்களே தவிர, பலெர்மோவுக்குள் நுழைந்தது 1072-ல். நோட்டோ சரணடைந்தது 1091-ல்.

இது ஆட்சிக் கணக்கு. மக்கள் கணக்கு இதைவிடச் சிக்கல். அரபு ஆட்சி நடந்த காலம் முழுவதும் வடகிழக்கு மலைப்பகுதியான வல் தெமோனேயில் கிரேக்கம் பேசும் கிறித்தவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். நார்மன் ஆட்சி வந்த பிறகும் மேற்கில் உழவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். நார்மன் அரசர்களின் வரிக் கணக்கர்களே குடியானவர் பெயர்ப் பட்டியலை அரபியிலும் கிரேக்கத்திலும் எழுதினார்கள். முஸ்லிம்கள் உண்மையில் எப்போது போனார்கள்? 1189-ல் அரசர் இரண்டாம் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் கிறித்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். தப்பியவர்கள் மலைக்கு ஓடிக் கலகம் செய்தார்கள். 1220-களிலிருந்து அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து இத்தாலிய நிலப்பகுதியில் இருக்கும் லுச்சேராவுக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார். அந்தக் குடியிருப்பையும் 1300-ல் அழித்தார்கள். இந்த ஃபிரெடெரிக் யார் என்றால், அரபி அறிஞர்களைப் பக்கத்தில் வைத்திருந்த நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் மகள் வயிற்றுப் பேரன்.

அதாவது ஊர் மாறிய ஆண்டு, பட்டியலில் இருக்கிற எந்த ஆண்டோடும் ஒட்டவில்லை. படை வந்த 1061-க்கும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதற்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கிடக்கிறது. என் அட்டவணையில் அந்த ஒன்றரை நூற்றாண்டே இல்லை.

போன மாதம் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "சுருக்கமா சொல்ல வேண்டாமா சார்?" என்றார். தாராளமாகச் சுருக்குங்கள். ஆனால் இரண்டு பட்டையாக வரையுங்கள். மேலே யார் வரி வாங்கினார்கள், கீழே யார் வரி கட்டினார்கள். கீழ்ப்பட்டையில் நிறம் மெதுவாகத்தான் மாறும், சில இடங்களில் மாறவே மாறாது. வேலை கூடுதல்தான். தம்பி முகம் சுளித்தார். பழைய பேப்பர் கடை கதையைச் சொன்னேன், அதற்கும் சிரிக்கவில்லை.

மொழிக்கும் இதே கதைதான். தீவில் அரபி பேசுபவர் இல்லாமல் போனாலும், தோட்டத்துத் தொட்டிக்கு ஜெப்பியா, வாய்க்காலுக்கு சாயா, ஆரஞ்சுப் பூவுக்கு சாகரா என்ற சொற்கள் சிசிலியில் தங்கிவிட்டன. மூன்றும் அரபி. எட்னா எரிமலைக்கு மொஞ்ஜிபெல்லோ என்றும் ஒரு பெயர் உண்டு; முன்பாதி லத்தீன் வழிச் சொல், பின்பாதி அரபி, இரண்டுக்கும் பொருள் மலைதான். 'நடு சென்டர்' என்று நாம் சொல்கிறோமே, அந்த வகை. பக்கத்துத் தீவான மால்டாவில் இன்று பேசுகிற மொழியின் வேரும் அந்தச் சிசிலி அரபிதான்.

கதவைத் திறந்துவிட்டவரை மறப்பது

'படையெடுத்து வந்தார்கள்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். யார் கூப்பிட்டது? 827-ல் அக்லபியரை அழைத்தவர் யூஃபெமியோஸ், பைசாந்தியக் கடற்படைத் தளபதி. பேரரசரோடு பகைத்துக்கொண்டு உதவி கேட்டுப் போனவர். மறு ஆண்டே என்னா கோட்டை வாசலில் கொல்லப்பட்டார். அவர் கூட்டி வந்த படைக்குத் தலைமை தாங்கிய அசத் இப்னு அல்-ஃபுராத், கைரவான் நகரத்தின் காஜி, எழுபது வயதை நெருங்கிய சட்ட அறிஞர். அவரும் சிராகூஸ் முற்றுகையின்போது நோயில் இறந்தார்.

நார்மன்களை அழைத்தவர் இப்னு அல்-தும்னா என்ற சிசிலி அமீர். இன்னோர் அமீரோடு சண்டை. அந்த அமீரின் தங்கையைக் கட்டியவர் இவர், எனவே மச்சான் தகராறு என்றும் சொல்லலாம். 1282-லும் இதே கதைதான்: ஆஞ்சு வம்சத்துப் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் பலெர்மோவில் ஈஸ்டருக்கு மறுநாள் மாலை வழிபாட்டு நேரத்தில் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் அழைத்த பிறகுதான் அரகோன் (இன்றைய ஸ்பெயினின் வடகிழக்கில் இருந்த அரசு) அரசர் மூன்றாம் பேத்ரோ ட்ரபானியில் வந்து இறங்கினார். இதையெல்லாம் விட்டுவிட்டால், தீவுக்காரர்கள் கரையில் உட்கார்ந்து அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த மாதிரி ஆகிவிடும்.

மாஃபியா என்ற சொல் 1282 கலகத்தில் பிறந்தது என்பது

இல்லை. அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது 1860-களில்.

நார்மன் காலத்தைச் சொர்க்கமாக்குவது

இரண்டாம் ரோஜரின் அவையில் அல்-இத்ரீசி 1154-ல் உலகப்படத்தோடு புவியியல் நூலை முடித்தார். பலெர்மோ அரண்மனைக் கோயிலின் கூரை இஸ்லாமிய மரவேலை, சுவரில் பைசாந்திய மொசைக், வழிபாடு லத்தீன். எல்லாம் உண்மை. உடனே 'மூன்று மதமும் கைகோத்து வாழ்ந்த பொற்காலம்' என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள்.

1184-ன் கடைசியில் மெசினா அருகே கப்பல் உடைந்து கரையேறிய இப்னு ஜுபைர் என்ற பயணி இரண்டு காட்சிகளை எழுதி வைத்திருக்கிறார். பலெர்மோவில் கிறிஸ்துமஸ் அன்று கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணி வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள். ட்ரபானியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தார், தங்கள் மகளை இஸ்லாமிய நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்பதற்காகவே, ஊர் திரும்பும் யாத்ரீகர் ஒருவருக்கு அவளை மணமுடிக்கப் பார்த்தார்கள். ஒரே பயணம், ஒரே பயணி. நம் கட்டுரைகளில் முதல் காட்சி மட்டும் வருகிறது.

1282-க்குப் பிறகு 'ஸ்பெயின் ஆட்சி' என்று எழுதுவது

அப்போது ஸ்பெயின் என்று ஓர் அரசே கிடையாது. அரகோன் என்று எழுதுங்கள்.

வாளோடு வராதவர்களை விட்டுவிடுவது

பட்டியலில் இடம் கிடைக்க வேண்டுமானால் ஒரு போராவது நடத்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது. நார்மன் காலத்தில் வட இத்தாலியிலிருந்து 'லொம்பார்டுகள்' என்று அழைக்கப்பட்ட குடிகள் வந்தார்கள். 1161-ல் கிழக்கில் முஸ்லிம்களைக் கொன்றதில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அது ஒருபக்கம். மறுபக்கம், சான் ஃப்ரத்தெல்லோ, நிக்கோசியா போன்ற ஊர்களில் இன்றும் பக்கத்து ஊருக்குப் புரியாத ஒரு வட இத்தாலியப் பேச்சு கேட்பது அவர்களால்தான். 1488-ல் ஒட்டோமானியத் துருக்கியருக்குப் பயந்து வந்த அல்பேனியர்கள் பியானா தெலி அல்பனேசி என்ற ஊரைக் கட்டினார்கள். அங்கே அல்பேனிய மொழியும் கிரேக்க முறை வழிபாடும் இப்போதும் உண்டு. எதிர்ப்புறமாக, 1492-ல் வந்த ஸ்பானிய அரச ஆணை, நூற்றாண்டுகளாக அங்கே இருந்த யூதர்களை வெளியேற்றியது. ஆட்சி அப்போது மாறவில்லை. அதனால் எந்த வரைவிலும் அது இல்லை.

சிராகூஸ் தேவாலயத்தின் முகப்பை மட்டும் படம் போடுவது

முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பரோக் என்ற அலங்காரம் மிகுந்த பாணியில் கட்டியது. பக்கத்துச் சந்தில் இருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்கள் அப்படியே நிற்கின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள்.