வாசலைத் தாண்டினால் சொல் கேட்காத நாய்க்குட்டி: நாம் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்), இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையில் ரொட்டித் துண்டைக் காட்டி "இரு" என்றால் பொத்தென்று உட்காரும் குட்டி, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களம் வரை கூட்டிப்போனால் நம்மை யாரென்றே தெரியாதது போல நடக்கும். "திமிரைப் பார்" என்று இரண்டு தட்டு தட்டுவார்கள். திமிரெல்லாம் இல்லை. குட்டிக்கு "இரு" என்பது அந்த இஸ்தோப்புத் தரை, அந்தச் சுவர், ரொட்டி வைத்திருக்கும் அந்தக் கை எல்லாம் சேர்ந்த ஒன்று. இடம் மாறினால் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகிற பாதையில், கடைசியாகத்தான் டவுனில். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்துவிட்டுக் குட்டியைக் குறை சொல்கிறோம்.

அடுத்தது தூரம். கொழுந்து லொறி நிற்கிறது, கொழுந்து நிறுக்க ஆட்கள் கூடியிருக்கிறார்கள், தோட்டத்து நாய்கள் நாலு சுற்றி வருகின்றன. அதற்குப் பக்கத்திலேயே நின்று "உட்கார், உட்கார்" என்று கத்திப் பயனில்லை. கையிலிருக்கும் தீனியை மூக்கருகே நீட்டியும் குட்டி வாங்கவில்லையா? நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். பின்னால் போங்கள். இருபது அடி, வேண்டுமென்றால் நூறு அடி. பேரைச் சொன்னதும் எந்த இடத்தில் திரும்பிப் பார்க்கிறதோ, அன்றைக்கு அங்கேதான் பள்ளிக்கூடம். நமது பாதைகளில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஒரு வளைவு மேலே ஏறி நின்றால் லொறி கண்ணுக்குத் தெரியும், சத்தம் பாதியாகிவிடும். அங்கே ஐந்து நிமிடம் போதும். நன்றாகச் செய்தால் மறுநாள் கொஞ்சம் கீழே இறங்கலாம்.

தீனியிலும் கஞ்சத்தனம் கூடாது. கோழி ஓடுகிற இடத்தில் காய்ந்த ரொட்டிக்கு மதிப்பில்லை. அவித்த கோழி ஈரல், இல்லையென்றால் உப்புப் போக ஊறவைத்து அவித்த நெத்தலி, நகத்தளவு துண்டுகளாக. வயிறு நிறைந்த குட்டியைக் கூட்டிப்போகாதீர்கள், சாப்பாட்டுக்கு முன்பே பாடத்தை முடித்துவிடுங்கள்.

இனி நானே செய்த தவறு. எங்கள் மணிக்கு அப்போது ஐந்து மாதம். அடுத்த லயத்துக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. நான் "வா, வா, மணி வா" என்று பத்துத் தடவை கூப்பிட்ட பிறகு, கோழியை விட்டுவிட்டு வந்தது. வந்ததும் காதைப் பிடித்து ஓர் அடி போட்டேன். கோழிக்காக அடித்ததாக எனக்கு நினைப்பு. மணி படித்துக்கொண்டதோ, இவன் கூப்பிட்டுப் போனால் அடி விழும் என்பதை. அதற்குப் பிறகு "வா" என்றால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று வாலை மட்டும் ஆட்டும். கெட்டுப்போன அந்தச் சொல்லை என்னால் சரிசெய்ய முடியவில்லை. அதை விட்டுவிட்டு "இங்க" என்று புதிதாகத் தொடங்கினேன், அதுதான் சுலபமாக இருந்தது.

அடிக்காதவர்களும் இதைக் கெடுக்கிறார்கள். விளையாட்டு முடிந்து சங்கிலியில் கட்டுவதற்கு மட்டும் கூப்பிட்டால், எந்தக் குட்டி வரும்? பத்துத் தடவை கூப்பிட்டால் எட்டுத் தடவையாவது தீனி கொடுத்துத் திரும்ப விளையாட விடுங்கள். வராவிட்டால் துரத்த வேண்டாம், அது ஓடிப்பிடித்து விளையாடுவதாக நினைக்கும். நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பின்னாலேயே வரும்.

வீட்டில் ஆளுக்கொரு சொல் வைத்திருப்பதும் சிக்கல். அப்பாயி "வாடா ராசா" என்பார், தம்பி "கம்" என்பான், பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன் "என்ன" என்பான். அவன் மொழியில் அதற்கு "வா" என்று பொருள். நமக்கு அது கேள்வி. பாவம் குட்டி. ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள், ஒரே தடவை சொல்லுங்கள். பிள்ளைகள் வேடிக்கைக்கு "சூ" காட்டுவதையும் நிறுத்துங்கள்.

கயிற்றைச் சீக்கிரம் அவிழ்ப்பதுதான் ஆபத்தான தவறு. நாலு மாதத்தில் காலையே சுற்றி வந்த குட்டி, ஆறேழு மாதத்தில் காட்டுப்பன்றி வாசத்தைப் பிடித்துத் தேயிலைக்குள் இறங்கிவிடும். பன்றிக்கென்று வைக்கும் கம்பிச் சுருக்கு வேறு உயிரையும் பிடிக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படிச் சிக்கித்தான் ஒரு கருஞ்சிறுத்தை இறந்தது. சிறுத்தை நடமாடுகிற தோட்டங்களில் பொழுது சாய்ந்த பிறகு அவிழ்த்துவிட்ட நாய் அதற்கு இரை. வளைவில் திடீரென்று வரும் த்ரீவீலைச் சொல்லவே வேண்டாம். இருபது அடி நைலோன் கயிறு வாங்கி, கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டியில் கட்டுங்கள். ஓடி இழுத்தால் கழுத்து நெரியாது.

தடுப்பூசிகள் முடியும் வரை வெளியே காட்டவே கூடாது என்று மூன்று மாதம் அடைத்து வைப்பவர்களும் உண்டு. உலகத்தைப் பயமில்லாமல் பழகுகிற வயதே அதுதான். தெரு நாய்கள் திரியும் தரையில் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டு போய் லொறியையும் தப்பு மேளச் சத்தத்தையும் காட்டலாம்.

மழைக்காலத்தில் சொல் கேட்கவில்லையென்றால் முதலில் பாதத்தைப் பாருங்கள். ஒரு நாள் "இரு" என்று நான் எத்தனை சொல்லியும் மணி குதித்துக்கொண்டே இருந்தது. கோபத்தோடு காலைத் தூக்கிப் பார்த்தால், விரலிடுக்கில் மூன்று அட்டை.